கவனிக்கப்படாத ‘ஏ’ சான்றிதழ் திகில் படத்தைப் பார்க்கும் முறை

ஒரே வாரத்தில் திரையரங்கைவிட்டுப் போய்விட்ட ‘ஏ’ சான்றிதழ் திகில் படத்தைத் தேடிப் பார்க்க விரும்புபவர், எந்தப் பிரதி தமக்குக் கிடைக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது என்பதால், அங்கே வருவது காட்சிகளை வெட்டி மறுசான்றிதழ் பெற்ற பிரதியாகவே இருக்கும். அச்சத்தைச் சிறுகச் சிறுகக் கட்டியெழுப்பும் படத்தில் பத்து நிமிடம் போனால் பயமும் கூடவே போய்விடும். தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் காட்டப்பட்டால், அதை நிறுத்திப் படித்து, அதிலுள்ள நீளத்தை ஓடும் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

படங்களை வெளியிடும் இணையத் தளங்களுக்கு (ஓடிடி) மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் வயது வகைப்பாட்டையும், பிள்ளைகள் பார்க்காமல் தடுக்கும் பூட்டு வசதியையும் கட்டாயமாக்கியுள்ளன. ஒரம்பரையும் (உறவினர்களும்) பிள்ளைகளும் நிறைந்த வீட்டில் அந்தப் பூட்டின் எண்ணை முன்கூட்டியே மாற்றிவைப்பது அவசியம்; பழைய எண் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

இடத்தைப் பொறுத்தவரை, கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) ஈடில்லை. அரிசிம்பருப்புச் சாதத்தை நேரத்தோடு முடித்து, பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு அமர்ந்தால், தென்னை மட்டை விழும் ஓசைகூடப் படத்தோடு சேர்ந்துகொள்ளும். சோமனூர், பல்லடம் பக்கத்தில் இரவிலும் விசைத்தறி ஓடும் தெருக்களில் இருப்பவர்கள், மெல்லிய ஒலிகளை இழக்காமலிருக்கக் காதை முழுவதும் மூடும் ஹெட்போனை அணிந்துகொள்ள வேண்டும்.