பனை ஓலையில் முதலாம் முன்னவத்தை

தங்கச்சிக்கு உயர்தர உயிரியலில் ஒடுக்கற்பிரிவு (நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் கலப்பிரிவு) மட்டும் மண்டையில் ஏறவில்லை. படத்தில் நிறமூர்த்தங்கள், அதுதான் டிஎன்ஏ கொண்ட இழைகள், புழுக்கூட்டம் மாதிரிக் கிடக்கிறதாம். மாங்குளத்தில் எங்கள் பக்கத்து வளவில் பெட்டி இழைக்கிற அம்மம்மாவிடம் ஓலைக் கீலம் கொஞ்சம் வாங்கி வந்து, அந்தப் பிரிவின் முதற்கட்டமான முதலாம் முன்னவத்தையைச் செய்து பார்த்தோம். லெப்டோட்டீன் முதல் டயாகைனேசிஸ் வரை கீழே வருபவை அதன் ஐந்து உட்கட்டங்கள். கம்பளி நூல் வேண்டாம், சுருண்டு மானத்தை வாங்கும்.

1. சாயம் போட்ட சிவப்புக் கீலம் இரண்டு, வெள்ளை இரண்டு, எல்லாம் ஒரு சாண். ஒரே நிறத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து நடுவில் நூலால் கட்டுங்கள். கட்டுத்தான் மையப்பாத்து. ஒரு கட்டு ஒரு நிறமூர்த்தம், அதிலுள்ள கீலங்கள் அரைநிறவுருக்கள். டிஎன்ஏ இரட்டித்த பிறகுதான் பிரிவே தொடங்கும்.

2. லெப்டோட்டீன்: ஒவ்வொரு கட்டிலும் உள்ள இரண்டு கீலங்களையும் ஒட்டி வையுங்கள், ஒற்றை இழையாகத் தெரியும்.

3. சைகோட்டீன்: சிவப்பையும் வெள்ளையையும் நுனிக்கு நுனி பக்கத்தில் கிடத்துங்கள். அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று.

4. பக்கிட்டீன்: ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் கட்டுக்குக் கீழே ஒரே மட்டத்தில் வெட்டி, வால்களை மாற்றி டேப் ஒட்டுங்கள். இதுதான் குறுக்குப் பரிமாற்றம்.

5. டிப்ளோட்டீன்: இனிக் கட்டுகளை எதிரெதிரே இழுங்கள். இங்கேதான் நான் மாட்டுப்பட்டேன். சிவப்பும் வெள்ளையும் மாறிய இடத்தில் கொழுவி நிற்க வேண்டும், கையாஸ்மா அதுதானே! என்னுடையதோ இரண்டாகக் கழன்று வந்துவிட்டது. டேப் சரியில்லை என்று மூன்று தரம் திருப்பி ஒட்டினேன். பிழை டேப்பில் இல்லை. கலத்துக்குள் கோஹீசின் என்ற புரதம் சகோதர அரைநிறவுருக்களை நீளத்துக்கும் பிடித்து வைத்திருக்கிறது. நான் நடுவில் மட்டும் கட்டியிருந்தேன். வெள்ளையில் ஒட்டிய சிவப்பு வாலை, வெட்டாத சிவப்பின் வாலோடு சேர்த்துக் கிளிப் போடுங்கள். மற்றப் பக்கத்தில் வெள்ளை வாலோடு வெள்ளை வால். இப்போது இழுத்துப் பாருங்கள், அசையாது.

6. டயாகைனேசிஸ்: கீலங்களை மடித்துக் குட்டையாக்குங்கள். கருமென்சவ்வு சிதையும் கட்டம்.

பின்சேர்க்கை: வால்கள் நீளமும் கட்டையுமாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். தனித்தனியே வெட்டியிருப்பீர்கள்; இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டு. சிவப்பையும் சிவப்பையும் மாற்றினால்? இரண்டும் ஒரே பிரதி, மாறியதே தெரியாது. நெல்லுக்கு 24 நிறமூர்த்தம், 12 சோடியும் செய்யட்டுமா என்றார் ஒரு தம்பி. 48 கீலம் வேண்டும் தம்பி, அம்மம்மா ஏசுவா. ஒரு சோடி போதும்.