அரிதான குடும்பப் பெயரை ஆங்கில வாக்கியத்தில் எழுதுவது எப்படி?

ஸ்மித், பிரௌன் என்றால் யாருக்கும் தயக்கமில்லை. அதிகம் பார்த்திராத குடும்பப் பெயர் வந்தால்தான் கை நிற்கும்: பன்மை எப்படி? முன்னால் ‘ஏ’ வருமா, ‘ஆன்’ வருமா? அப்பாஸ்ட்ரஃபி (’ குறி) எங்கே? எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பெயரின் எழுத்துகளில் கை வைக்கக் கூடாது. கூடவே சேர்ப்பதைக் காதில் விழும் ஒலியை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

படி 1: உச்சரிப்பைக் கண்டுபிடியுங்கள்

எழுத்துக்கூட்டினால் ‘சோல்மொண்டலி’ என்று வரும் ஆங்கிலேயப் பெயரைச் சொல்வது ‘சம்லி’ என்றுதான். ‘மெயின்வேரிங்’ என்று தோன்றுவது ‘மேனரிங்’. எனவே உச்சரிப்பு அகராதியைப் பாருங்கள். பெயருக்கு உரியவரையே கேட்க முடிந்தால் அவர் சொல்வதே முடிவு.

படி 2: ஏ, ஆன்

குடும்பப் பெயருக்கு முன் வழக்கமாக இவை வருவதில்லை. ‘ஏ மிஸ்டர் ஃபின்ச்’ என்று எழுதினால் ‘ஃபின்ச் என்று யாரோ ஒருவர்’ என்று பொருள் மாறிவிடும். தேவைப்படும் இடத்தில் முதல் ஒலியைக் கவனியுங்கள். ஆய்லர், யூஸ்டஸ் இரண்டும் ஆங்கிலத்தில் இ, யு என்ற அதே இரண்டு எழுத்துகளில் தொடங்குபவை. ஆனாலும் ‘ஆன் ஆய்லர்’, ‘ஏ யூஸ்டஸ்’ என்பதே சரி.

படி 3: மிஸ்டர், டாக்டர், சர்

மிஸ்டர், மிஸ், டாக்டர் ஆகியவை குடும்பப் பெயரோடு அல்லது முழுப் பெயரோடு சேரும். ‘சர்’ மட்டும் நேர்மாறு: சர் ஐசக் நியூட்டன், சர் ஐசக் இரண்டும் சரி, சர் நியூட்டன் தவறு.

படி 4: பன்மை

அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல, முன்னால் ‘தி’, பின்னால் ‘எஸ்’. பெயர் ஸ், க்ஸ், ஷ், ச் போன்ற ஒலியில் முடிந்தால் ‘இஎஸ்’: தி ஜோன்ஸஸ், தி ஃபாக்ஸஸ், தி ஃபின்ச்சஸ். சிஎச் என்று முடிந்தாலும் ஒலி ‘ச்’ இல்லையென்றால் ‘எஸ்’ மட்டும் போதும். இசைமேதை பாஹ் குடும்பம் ‘தி பாஹ்ஸ்’தான்.

சாதாரணச் சொற்களின் பன்மை விதிகளைப் பெயருக்குக் கொண்டுவராதீர்கள். கென்னடியின் கடைசி ‘ஒய்’ அப்படியே இருக்கும். அதை ‘ஐஇஎஸ்’ ஆக்கினால் அது வேறு குடும்பத்தின் பெயராகிவிடும். உல்ஃப் என்பவர்கள் ‘தி உல்ஃப்ஸ்’; ஓநாய்களைப் போல ‘உல்வ்ஸ்’ ஆக மாட்டார்கள். அறிமுகமில்லாத பெயரை வாசகர் பன்மைக்குச் சேர்த்த ‘எஸ்’ அல்லது ‘இஎஸ்’ஸைக் கழற்றித்தான் புரிந்துகொள்கிறார். அசல் எழுத்து சிதைந்தால் அவருக்கு வழியே இல்லை.

பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபி கிடையாது. வாழ்த்து அட்டையிலும் வீட்டுப் பெயர்ப்பலகையிலும் இந்தப் பிழை நிறையத் தென்படும். வினையும் பன்மையில் வர வேண்டும்: ‘தி ஃபின்ச்சஸ் ஆர்’, ‘மிஸ்டர் ஃபின்ச் இஸ்’.

படி 5: உடைமை

ஒருவருடையது என்றால் பெயர், அப்பாஸ்ட்ரஃபி, எஸ். குடும்பத்துடையது என்றால் முதலில் பன்மையை முழுமையாக எழுதி முடித்து, அதன் கடைசி ‘எஸ்’ஸுக்குப் பின் அப்பாஸ்ட்ரஃபி மட்டும். வரிசையை மாற்றினால்தான் குழப்பம். ஜோன்ஸ் போல ‘எஸ்’ஸில் முடியும் ஒருவர் பெயருக்கு அப்பாஸ்ட்ரஃபியோடு இன்னொரு எஸ் சேர்ப்பதும் சேர்க்காததும் இரண்டுமே வழக்கில் உண்டு, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

படி 6: வான், டி, வான் டெர் போன்ற முன்சொற்கள்

வின்சென்ட் வான் கோ என்று முழுப் பெயராக எழுதும்போது ‘வான்’ சிறிய எழுத்தில் தொடங்கும். வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தால் பெரிய எழுத்து. அமெரிக்க நடிகர் டிக் வான் டைக்கின் பெயரிலோ ‘வான்’ எப்போதும் பெரிய எழுத்துதான். பொது விதியைத் தேடாமல், அந்தந்த நபர் எழுதிய வடிவத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.