குறைஞ்ச சம்பளக்காரர் கனடாவில ரக்ஸ் செய்யேக்க விடக்கூடாத பிழைகள்

"எனக்கு ரக்ஸே வராது, பிறகேன் ஃபைல் பண்ணுவான்?" எண்டு கனபேர் கேக்கினம். காசு போறதே இதாலதான். வேர்க்கர்ஸ் பெனிஃபிட் எண்டுறது குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை செய்யிறவைக்கு அரசாங்கம் குடுக்கிறது, ஒரு சதம் ரக்ஸ் கட்டாத ஆளுக்கும் கையில வாற காசு, 2024ஆம் ஆண்டுக்கு தனி ஆளுக்கு 1,590 டொலர் வரைக்கும், குடும்பத்துக்கு 2,739 டொலர் வரைக்கும் இருந்தது. ஃபைல் பண்ணாட்டி சிஆர்ஏக்கு (கனடா வருமான வரி இலாகா) உங்கட வருமானம் தெரியாது, பிறகெப்பிடி கணக்குப் பார்க்கிறது?

அடுத்தது கேஷ் வேலை. ரெஸ்ரோரன்ட் குசினியில, கிளீனிங்கில "ரி4 (வருசச் சம்பளத்தைக் காட்டுற சீட்டு) வேண்டாம், கையில தாறன்" எண்டு முதலாளி சொன்னா எங்கட சனம் சந்தோசமா தலையாட்டும், ஆனா 3,000 டொலருக்கு மேல வேலை வருமானம் காட்டினாத்தான் இந்த பெனிஃபிட் கணக்கே தொடங்கும். ஒன்ராறியோவில தனி ஆள் ஒருத்தர், முழுநேர மாணவர் இல்லை, 2024இல 20,000 டொலர் உழைச்சார் எண்டு வைப்பம், முழுசா காட்டினா அவருக்கு அந்த 1,590ம் அப்பிடியே வரும், அந்தச் சம்பளத்துக்கு ரக்ஸும் பெரிசா வராது. சிபிபியும் இஐயும் கழிபடும்தான், ஆனா ஒண்டு பென்சனுக்கு, மற்றது வேலை போனா சமாளிக்க, அதோட சிபிபிக்கு முதலாளியும் தன்ர பங்கைப் போடோணும், கேஷ் குடுத்து அவர் மிச்சம் பிடிக்கிறது உங்கட பென்சனைத்தான். ரி4 தராட்டிலும் அந்த வருமானத்தை நீங்களே காட்டத்தான் வேணும், ஆனபடியா எந்த நாள் எத்தினை மணித்தியாலம், எவ்வளவு தந்தவர் எண்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ.

பிள்ளைக்காசு எடுக்கிற வீடுகளில நடக்கிறது வேற. மனுசன் ஃபைல் பண்ணுவார், மனுசிக்கு வேலை இல்லை எண்டு அவவின்ரய விட்டிடுவினம். சைல்ட் பெனிஃபிட் ரெண்டு பேரின்ர வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கிறது, வருமானம் பூச்சியமா இருந்தாலும் ரெண்டு பேரும் ஏப்ரல் 30க்குள்ள போடோணும், இல்லாட்டி யூலையில புது வருசக் கணக்கு தொடங்கேக்க காசு நிண்டுபோம். வாடகை, பால்மா எல்லாம் அந்தக் காசை நம்பி இருக்கிற வீட்டில ஒரு மாசம் நிண்டாலே என்ன பாடு எண்டு சொல்லத் தேவையில்லை.

கலியாணம் கட்டினது, பிரிஞ்சது, ஒண்டா இருக்கத் தொடங்கினது எல்லாத்தையும் சிஆர்ஏக்குச் சொல்லோணும். பிரிஞ்சா 90 நாள் கழியப் பார்த்துச் சொல்லுங்கோ. மனுசி இன்னும் ஊரில எண்டாலும் நீங்கள் கலியாணம் கட்டின ஆள்தான், சிங்கிள் எண்டு போடாதேங்கோ, அவவின்ர வருமானத்தையும் எழுதோணும். "சிங்கிள் எண்டு போட்டா கூட வரும்" எண்டு ஆரும் சொன்னா கேக்கவே கேக்காதேங்கோ, பிறகு சிஆர்ஏ பழைய வருசங்களையும் கிண்டி குடுத்ததைத் திருப்பிக் கேக்கும், அப்ப அட்வைஸ் சொன்னவர் வரமாட்டார், ஏனெண்டா ஃபோர்மில கையெழுத்து உங்கட.

ரீஃபண்ட் குறைஞ்சு போச்சு எண்டு பதறுறவையும் இருக்கினம். வேர்க்கர்ஸ் பெனிஃபிட்டின்ர பாதி யூலை, ஒக்டோபர், யனவரியில முன்கூட்டியே பாங்குக்கு வந்திருக்கும், அதை ஒருக்காப் பாருங்கோ.

வருமானம் குறைஞ்சவைக்கு வொலன்ரியர்மார் இலவசமா ரக்ஸ் செய்து தாற கிளினிக்குகள் இருக்கு, 211க்கு அடிச்சுக் கேட்டா கிட்ட எங்க எண்டு சொல்லுவினம். பழைய வருசம் விட்டுப்போனாலும் 10 வருசம் வரைக்கும் பின்னால போய்க் கேக்கலாம், பழைய ரி4 எல்லாத்தையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கோ.