நாலு இன்புட் உள்ள பழைய வால்வு கிட்டார் ஆம்பா (ஆம்ப்ளிஃபயரா)? இரண்டு சேனலையும் இணையுங்கள்

கிட்டாரை பிரைட் (கூர்மையான ஒலி தரும்) சேனலின் 1ஆம் இன்புட்டில் செருகுங்கள். அதே சேனலின் 2ஆம் இன்புட்டிலிருந்து நார்மல் சேனலின் 1ஆம் இன்புட்டுக்கு ஒரு சின்ன கிட்டார் கேபிளைப் போடுங்கள். மார்ஷல் சூப்பர் லீட், 1950களின் இறுதியில் வந்த நாலு இன்புட் ஃபெண்டர் பாஸ்மேன் போன்றவற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

இவற்றில் ஒவ்வொரு சேனலுக்கும் சிக்னலைப் பெருக்கும் தனி முதல் வால்வு நிலை உண்டு. இரண்டும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக அடுத்த வால்வில் சேர்கின்றன. ஒரு சேனல் சும்மா இருந்தால் மற்றதன் சிக்னலில் கிட்டத்தட்ட பாதி அந்த ரெசிஸ்டர்களிலேயே போய்விடும். இரண்டையும் ஓட்டினால் அந்த இழப்பு நீங்கும், கெயின் (சிக்னல் பெருக்கம்) கூடும். பெடல், சாலிடரிங் எதுவும் வேண்டாம். முதலில் பிரைட் வால்யூமைத் ஒலியில் தேவையான கடிப்பு (கூர்மை) வரும்வரை ஏற்றி, பிறகு நார்மலை மெல்லத் திறவுங்கள். தாழ்ந்த கம்பிகளுக்குச் சதை பிடிப்பது தெளிவாகக் கேட்கும். நார்மலை ரொம்ப ஏற்றினால் பாஸ் குழம்பும்.

1960களின் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ரிவெர்ப் (எதிரொலி விளைவு) உள்ள சேனலில் ஒரு வால்வு நிலை கூடுதல் என்பதால் அதன் சிக்னல் தலைகீழாகி, இரண்டு சேனல்களின் சிக்னல்களும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சத்தம் மெலிந்துவிடும்.