ஆய்விதழ்ப் பணியில் அடியெடுத்து வைப்பது எப்படி? மதிப்பாய்விலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், உயர்கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலிலுள்ள ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டால், அதைக் கணக்கிட்டு அவருடைய பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் வழங்குகிறது. பிறர் கட்டுரையை, இதழில் வெளிவருமுன் படித்துக் குறைநிறை சொல்லும் மதிப்பாய்வுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. டர்பனில் நான் சந்திக்கும் தமிழ் ஆய்வு மாணவர்கள், எழுதி அனுப்புவதோடு தம் பங்கு முடிந்தது என்று எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், இதழின் உள்ளே நுழைய எளிய வாயில் மதிப்பாய்வுதான்.

முதலில், ஆய்வாளர்களைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் பெறுங்கள். 16 இலக்கங்கள் கொண்ட இந்த அடையாள எண்ணுக்குக் கட்டணம் இல்லை. கோவெண்டர், பிள்ளை, மூட்லி, நாயுடு என்று ஒரே குடும்பப்பெயரில் எத்தனையோ ஆய்வாளர்கள் உள்ள இந்த ஊரில், உங்கள் கட்டுரை இன்னொருவர் கணக்கில் சேராதிருக்க இதுவே நல்ல வழி.

அடுத்து, உங்கள் நெறியாளரிடம் சொல்லி, அவருக்கு வரும் கட்டுரையொன்றை அவருடன் சேர்ந்து மதிப்பாய்வு செய்யுங்கள். இதற்கு இதழாசிரியரின் ஒப்புதலை முன்னதாகவே பெற வேண்டும். நெறியாளர் பெயரில் நீங்கள் மறைவாக எழுதித் தருவது வழக்கமாகிவிட்டாலும் முறையன்று.

அழைப்பு நேரடியாக உங்களுக்கே வந்தால், கட்டுரையாளர் உங்களோடு பணிபுரிந்தவரா, அந்த ஆய்வுமுறை உங்களுக்குத் தெரியுமா, குறித்த நாளுக்குள் முடிக்க இயலுமா என்று பாருங்கள். இயலாதென்றால் அன்றே மறுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டால், வெளிவராத அந்தக் கட்டுரையை நண்பருக்கும் அனுப்பக் கூடாது, செயற்கை நுண்ணறிவுச் செயலியிலும் ஏற்றக் கூடாது.

இனிதான் உண்மையான வேலை. முதல் வாசிப்பில் குறிப்பெடுக்காமல் முழுவதையும் படியுங்கள். இரண்டாம் வாசிப்பில் முறையியலையும் அட்டவணைகளையும் முடிவுரையோடு ஒப்பிடுங்கள். உம்கேனி ஆற்று நீரைப் பற்றிய கட்டுரை ஒன்றை எண்ணிப் பாருங்கள்: மாதிரிகள் இங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே எடுக்கப்பட்டிருக்க, முடிவுரை ஆண்டு முழுவதையும் பற்றிப் பேசுகிறது. டர்பனில் கோடையே மழைக்காலம் என்பதால், வறண்ட குளிர்காலத்தில் ஆற்றின் நிலை வேறாக இருக்கலாம். இதை "ஆய்வு பலவீனமானது" என்று எழுதினால் எவருக்கும் பயனில்லை. குளிர்கால மாதிரிகளைச் சேர்க்க வேண்டும் அல்லது முடிவைக் கோடைக்கு மட்டும் சுருக்க வேண்டும் என்று, பக்க எண்ணோடு எழுதுங்கள். என் முதல் மதிப்பாய்வு அறிக்கையில் காற்புள்ளிகளையே பக்கக்கணக்கில் திருத்தினேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டு மாதிரியே இல்லாததைக் கவனிக்கத் தவறினேன்.

அறிக்கையின் தொடக்கத்தில், கட்டுரை சொல்வதாக நீங்கள் புரிந்துகொண்டதை மூன்று நான்கு வரிகளில் எழுதுங்கள். பிறகு பெரிய குறைகள், அவற்றுக்குப் பின் சிறியவை. ஏற்கலாமா கூடாதா என்ற பரிந்துரை இதழாசிரியருக்கான தனிப் பகுதிக்கு உரியது.

முடிவு வந்தபின், பல இதழ்கள் மற்ற மதிப்பாய்வாளர்களின் அறிக்கைகளையும் உங்களுக்கு அனுப்பும். அவர்கள் கண்டு நீங்கள் காணாதது எது என்று தேடுங்கள். சில அறிக்கைகள் எழுதியபின் இதழின் ஆசிரியர் குழுவில் பயிற்சியை நாடலாம். தென்னாப்பிரிக்க அறிவியல் கழகம் வெளியிடும் 'சவுத் ஆஃப்ரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ்' இதழில், துணையாசிரியர்களின் கீழ் இளம் ஆய்வாளர்கள் பயிலும் ஏற்பாடு இருந்துவருகிறது. அத்தகைய வாய்ப்புக்கு எழுதும்போது, எந்தெந்த இதழ்களுக்கு மதிப்பாய்வு செய்தீர்கள் என்பதை மட்டும் குறிப்பிடுங்கள். கட்டுரைகளின் தலைப்புகளை வெளியிட வேண்டாம்.