பழைய கேம் டிஸ்க் வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவில் பழைய பிளேஸ்டேஷன் (பிஎஸ்4, பிஎஸ்5) டிஸ்க் வாங்கினால், முதலில் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். இவை ப்ளூ-ரே வகை டிஸ்க்குகள். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. அதனால் டிவிடியைப்போல இதைத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் உள்ளதும் போய்விடும். நகம் சிக்கும் கீறலா, நடுத்துளையோரம் விரிசலா? பேரம் பேசாமல் திருப்பிக் கொடுங்கள்.

வெளிநாட்டு டிஸ்க்கும் ஓடும். ஆனால் டிஎல்சி (கேமுக்கான கூடுதல் டவுன்லோடு பகுதி) வாங்கும் பிளேஸ்டேஷன் கணக்கின் நாடு டிஸ்க்கோடு பொருந்த வேண்டும்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் பெட்டியின் முன்பக்க அடியில் 'கேம்-கீ கார்டு' என்றிருந்தால் உள்ளே கேம் இல்லை, டவுன்லோடு செய்தே ஆகவேண்டும். சேகரிப்புக்கு அது வேண்டவே வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உறைத்தாள்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, பெட்டிகளை நிமிர்த்தி வையுங்கள்.