நாஸில் இடம் தீர்ந்துவிட்டதா? பெட்டியை மாற்ற வேண்டாம்

வீட்டு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி) நிறைந்துவிட்டது என்பதற்காகப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. சினாலஜி போன்ற இரண்டு டிஸ்க் நாஸ் மிரர் முறையில், அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை வைத்து ஓடினால், டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாற்றியே இடத்தைக் கூட்டலாம்.

முதலில் பேக்கப். மிரர் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். டிஸ்க் பழுதானால் மட்டும்தான் மிரர் காப்பு. தவறுதலாக அழித்த ஃபைலை அது திருப்பித் தராது. ஒரு டிஸ்க்கைக் கழற்றியதும், மிச்சமிருக்கும் பழைய டிஸ்க் ஒன்றில்தான் எல்லாமே இருக்கும். பல மணி நேரம் அதை முழுவதுமாகப் படித்துத்தான் புதிய டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். பழைய டிஸ்க் காலை வாரினால் அப்போதுதான் வாரும். அதனால் இரண்டு பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் நிலையையும் (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே சொல்லும் அறிக்கை) முன்கூட்டியே பாருங்கள். பலவீனமானதை முதலில் கழற்றுங்கள்.

அப்புறம் புதியதைப் போட்டு, சினாலஜியின் ஸ்டோரேஜ் மேனேஜரில் 'ரிப்பேர்' கொடுங்கள். முடிந்து நிலை 'ஹெல்தி' என்று வந்த பிறகே அடுத்த டிஸ்க்கில் கை வையுங்கள்.

4 டிபி டிஸ்க் ஒன்றை 8 டிபியாக மாற்றியதும் இடம் கூடவில்லையே என்று பதற வேண்டாம். மிரரில் சிறிய டிஸ்க்கின் அளவுதான் கணக்கு; இரண்டாவதையும் மாற்றினால்தான் கூடும். அதன்பிறகும் 7.2 அளவில்தான் காட்டும். டிஸ்க் கம்பெனி 1000 கணக்கில் எண்ணுகிறது, நாஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது; டிஸ்க்கில் குறையில்லை.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் வகை) என்று பார்த்து வாங்குங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு எழுதும் எஸ்எம்ஆர் மலிவுதான், ஆனால் ரிப்பேர் நேரத்தில் எழுதும் வேகம் படுத்துவிடும்.